சரோஜாவுக்கு ஒரு குறையுமில்லை

திருவண்ணாமலையில் ஒருவருக்கு முனைவர் பட்டத்துக்கான வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எப்போது நடக்கும் என்று தெரிய வேண்டுமானால் பல்கலைக்கழகத்தைக் கேட்டுப் பயனில்லை. பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வரும் பேராசிரியர்கள் அத்தனை பேருக்கும் அண்ணாமலையார் மேல் அப்படியொரு பக்தி. "எனக்கு எந்தத் தேதின்னாலும் சரி, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். பார்த்துச் சொன்னால், "அந்த வாரத்துல பௌர்ணமி வருதா?" என்பார்கள். முதல் நாள் கிரிவலம், மறுநாள் காலை தரிசனம், அதற்கப்புறம் நேரம் மிச்சமிருந்தால் வைவா. வண்டி, ரூம், தரிசனத்துக்கு ஆள், ஊர் திரும்பும்போது கையில் கொடுக்கப் பிரசாதப் பை, எல்லாம் ஆராய்ச்சி செய்தவர் தலையில். வருடக்கணக்கில் செய்த ஆராய்ச்சியைவிட இந்த இரண்டு நாள் உபசாரம்தான் உயிரை வாங்கும்.

மதிவதனியின் வைவாவும் அப்படித்தான் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் என்று முடிவானது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பத்தில் பிறந்து, அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறி, வேங்கிக்காலில் வாழ்க்கைப்பட்டு, டவுனில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகக் காலந்தள்ளுகிறவள். கௌரவம் பெயரில் மட்டும்தான். ஸ்டாஃப் ரூமில் அவளுக்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது. பட்டம் வந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. வராவிட்டால் அடுத்த ஜூனில் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்றும் அதே மூச்சில் சொல்லியிருந்தது.

மாமியார் ஆதிலட்சுமிக்கு அத்தனை நாள் பொறுமை ஏது? வாசலில் 'டாக்டர்' என்று போட்டு மருமகள் பெயரில் பலகை மாட்டியாகிவிட்டது. சிலிண்டர் கொண்டுவருகிறவனுக்குக்கூட 'டாக்டர் வீடு' என்றுதான் அடையாளம் சொல்லுவாள். காய்ச்சல், பேதி என்று யாராவது வந்து கதவைத் தட்டினால், "அந்த டாக்டர் இல்லீங்க, அதுக்கும் மேல" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

ஆராய்ச்சி, கிரிவலப் பாதையில் சிறுகடை நடத்தும் பெண்களைப் பற்றியது. சும்மா சொல்லக் கூடாது, மதிவதனி உழைத்தாள். பௌர்ணமி தவறாமல் அடி அண்ணாமலைப் பக்கம் போய், தள்ளுவண்டிக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்து, டீ ஆற்றிக்கொண்டும் சுண்டல் மடித்துக்கொண்டும் இருந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தாள். கூட்டம் வந்தால் அவளே டம்ளர் கழுவிக் கொடுத்தாள். மழைக்கு ஒதுங்க இடமில்லை, அடுத்த மாதம் இதே இடத்தில் கடை போட விடுவார்களா தெரியாது என்று ஆளுக்கொரு குறை சொன்னார்கள். ஆனால் ஒரு குறையை எல்லோரும் சொன்னார்கள். அதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். ஒண்ணுக்குப் போக இடமில்லை. நடந்து வருகிறவர்களுக்காகத் தொலைவில் வைத்திருக்கும் கழிவறையில் வரிசை நிற்கும். கடையை விட்டுவிட்டு அங்கே போய் நின்றால், திரும்பி வரும்போது கடை இருக்கும், கடையில் இருந்தது இருக்காது. அதனால் பௌர்ணமியன்று மத்தியானத்திலிருந்தே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நிற்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும் உண்டு. "இத மட்டும் எழுதிடு கண்ணு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மதிவதனி எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அழுதும் இருக்கிறாள்.

இருபத்தொன்பது பேர் ஆயிற்று. நெறியாளர் முருகையன் முப்பது கேட்டார். "இருபத்தொம்பதுன்னா பாக்கவே என்னமோ கம்மியா இருக்கேம்மா. ரவுண்டா முப்பது இருந்தாதான் ஒரு களை" என்றார். முப்பதாவதாகப் பேசுகிறேன் என்று சொல்லியிருந்த பெண், மகளுக்குப் பிரசவம் என்று கடையை மூடிவிட்டு ஆரணிப் பக்கம் போய்விட்டாள். எப்போது வருவாள் என்று பக்கத்துக் கடைக்காரிக்கும் தெரியவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கெடு வாசலில் வந்து நின்றது.

முருகையனைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆராய்ச்சியில் செயற்கை நுண்ணறிவை எப்படி நெறியோடு பயன்படுத்துவது என்பதற்குக் கல்லூரியில் ஒரு குழு இருந்தது. அதன் தலைவர் அவர்தான். கருத்தரங்கு நடத்தி, சால்வை போர்த்திக்கொண்டு, மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "ஏஐங்கறது சட்னி மாதிரி. தொட்டுக்கலாம், தப்பில்ல. ஆனா இட்லி உங்க வூட்டு இட்லியா இருக்கணும். இங்கிலீஷ் திருத்திக்கங்க, திருத்துனேன்னு மொதல் பக்கத்துலயே சொல்லிடுங்க. தகவல மட்டும் அதுங்கிட்ட போயி வாங்காதீங்க. அது பாவம்!" கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. மதிவதனியும் தட்டினாள். சொன்னபடி நடக்கவும் நடந்தாள். ஆங்கிலம் திருத்த மட்டும் அதை வைத்துக்கொண்டாள், அதை முதல் பக்கத்தில் வெளிப்படையாக எழுதவும் செய்தாள். அதுவரை அவள்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

கெடு முடிகிற அன்று கல்லூரி மரத்தடியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். கிரிவலப் பாதையில் சுக்கு காபி விற்கும் சரோஜா என்கிற பெண்ணின் பேட்டி ஒன்று எழுதித் தா என்று கேட்டாள். ஒன்றே ஒன்றுதானே, மற்றதெல்லாம் நாம் அலைந்து எடுத்ததுதானே என்று மனசு சமாதானம் சொன்னது. இந்த மாதிரி நேரத்தில் மனசுக்கு வாய் ரொம்ப நீளம். "நிச்சயமாக! இதயத்தைத் தொடும் ஒரு நேர்காணல் இதோ!" என்றது போன்.

"பக்தர்களின் பாதங்களில் ஒட்டிய மண்ணே எனக்குத் திருநீறு" என்றாள் சரோஜா. "அவர்களின் களைப்பு தீரும்போது என் களைப்பும் தீர்கிறது. எனக்கென்று ஒரு குறையுமில்லை" என்றாள். அடி அண்ணாமலையில் எந்தப் பெண்ணும் இப்படிப் பேசி மதிவதனி கேட்டதில்லை. மேடையில் பேசுகிறவர்கள்கூட நடுவில் ஒரு தரமாவது இருமுவார்கள். சரி, ஆளைக் கொஞ்சம் தரையில் இறக்குவோம் என்று 'அதிகம்' வந்த இடத்தில் 'ஜாஸ்தி' போட்டாள், 'குறைவு' வந்த இடத்தில் 'கம்மி' போட்டாள். வேலைவெட்டிக்குப் போகாத மருமகன் ஒருவனைச் சேர்த்து, அவனைத் திட்ட நாலு வரியும் கொடுத்தாள். சரோஜா தயார்.

இருபத்தொன்பது பேருக்கும் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்த முருகையன், முப்பதாவதில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த அம்மாவ இத்தன நாளா எங்கம்மா ஒளிச்சி வெச்சிருந்த? இதுதாம்மா மேட்டரு! கடைசி அத்தியாயம் பூரா இவங்கதான் இருக்கணும். மத்தவங்க என்னம்மா, எப்பப் பாத்தாலும் கக்கூசு கக்கூசுன்னு... தீசிஸ்ல போயி யாராச்சும் அத எழுதுவாங்களா? ஒரு பத்தியில அடக்கிடு."

மதிவதனி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். திறந்தபோதே சொல்லித் தொலைத்திருக்கலாம். இருபத்தொன்பது பேரின் அவஸ்தை ஒரு பத்தியில் அடங்கியது. 'அடிப்படை வசதிகளைவிட ஆன்மிக மனநிறைவே இப்பெண்களின் முதன்மைத் தேவை' என்று முடிவுரை எழுதி, ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வாளராக வந்து வாய்த்தவர் பேராசிரியர் பிரசாத். சென்னைக்காரர். பெரிய படிப்பு, அதைவிடப் பெரிய பக்தி. ஆய்வேட்டைப் பற்றி அவர் அனுப்பிய அறிக்கையில் முக்கால்வாசி சரோஜாதான். அதோடு விட்டாரா? முருகையனுக்குப் போன் போட்டு, "வைவா கெடக்கட்டும் சார். நான் மொதல்ல அந்த அம்மாவப் பாக்கணும். அவங்க கையால ஒரு சுக்கு காபி குடிக்கணும்" என்றுவிட்டார்.

செய்தி மதிவதனி காதுக்கு எட்டியது. நேராக முருகையன் அறைக்குப் போனாள்.

"சார், சரோஜாம்மா இல்ல சார்."

"எங்க போயிட்டாங்க? வரச் சொல்லும்மா."

"எங்கயும் போகல சார். இல்லவே இல்ல. போன்ல கேட்டு வாங்கினேன்."

முருகையனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அடிப்பாவி! நான் கையெழுத்துப் போட்டிருக்கேனேம்மா! நெறிக் குழுத் தலைவர்னு சீல் வேற குத்தியிருக்கேனே! சட்னி, இட்லின்னு ஊரக் கூட்டிப் பேசுனவன்மா நானு!"

"உண்மைய சொல்லிடலாம் சார்."

"சொல்லிட்டு? உனக்கு வேல போவும், எனக்கு மானம் போவும். வேற என்னா ஆவும்? பேசாம ஒரு சரோஜாவ ஏற்பாடு பண்ணு. நல்லா பேசற அம்மாவா பாத்து நிக்க வெய்யி. அந்த மனுசன் காபி குடிச்சிட்டுப் போய்க்கினே இருப்பாரு."

வீட்டுக்கு வந்து கணவன் சுரேஷ்குமாரிடம் சொன்னாள். அவன் சிரித்து முடிக்கவே நெடுநேரமாயிற்று. சிரிப்புச் சத்தம் கேட்டு என்னவென்று விசாரிக்க வந்த ஆதிலட்சுமி, விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க? நான் என்னாத்துக்கு இருக்கேன்? பள்ளிக்கூடத்து நாடகத்துல மகாராணி வேசம் கட்டினவ நானு. ஒரு காப்பிக்காரியா நிக்க மாட்டனா?"

"அத்த, வேணாம் அத்த."

"வாசல்ல போர்டு மாட்டியாச்சு, மதி. இனிமே கழட்ட முடியாது."

அத்துடன் பேச்சு முடிந்தது. அடி அண்ணாமலையில் ஆதிலட்சுமிக்குத் தூரத்து உறவில் ஒரு தள்ளுவண்டிக்காரன் இருந்தான். அவன் வண்டியை ஒரு சாயங்காலத்துக்குக் கேட்டு வாங்கினாள். சரோஜா பேசியதை எல்லாம் இரண்டே நாளில் மனப்பாடம் பண்ணிவிட்டாள். துவைத்து வெளுத்த புடவையாகக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். வந்தவள் மயில்கழுத்துக் கலரில் பட்டுக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "ஐயோ அத்த, நீங்க இப்போ சரோஜா!" என்று மதிவதனி பதறியதற்கு, "சரோஜாவுக்கு மட்டும் மானம் மரியாத இல்லியா?" என்று கேட்டாள்.

பௌர்ணமியன்று வெயில் தாழ்ந்ததும் பிரசாத் வேட்டியும் வெறுங்காலுமாக நடக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் முருகையன், மறுபக்கம் மதிவதனி. ஜனம் நெரிந்தது. மதிவதனி காலையிலிருந்து ரூம் பார்த்து, வண்டி பேசி, ரயிலடிக்குப் போய் அவரை அழைத்து வந்து, ஒரு நிமிஷம் ஒதுங்க நேரமில்லாமல் அப்படியே நடக்க வந்துவிட்டவள். வழியில் பிரசாத் இரண்டு தடவை "ஒரு நிமிஷம்மா" என்று ஒரு சுவரோரமாகப் போய்விட்டு நிம்மதியாகத் திரும்பி வந்தார். முருகையனும் ஒரு தடவை போய் வந்தார். ஆம்பிளைகளுக்கு ஊரெல்லாம் சுவர். மதிவதனி பல்லைக் கடித்துக்கொண்டு, பிரசாத் வழியிலிருந்த லிங்கங்களின் பெருமையைச் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டு நடந்தாள்.

அடி அண்ணாமலை வந்தது. வண்டியும், வண்டிக்குப் பின்னால் பட்டுப்புடவையும் தூரத்திலேயே தெரிந்தன.

"வாங்கய்யா, வாங்க! அண்ணாமலையாரே நடந்து வர மாதிரி இருக்கு!" என்று ஆதிலட்சுமி தொடங்கினாள். இது மனப்பாடம் பண்ணியதில் இல்லை.

பிரசாத் கைகூப்பினார். ஆதிலட்சுமி டம்ளரில் சுக்கு காபியை ஊற்றிக் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து ஃபில்டர் காபி தவிர வேறொன்று போட்டறியாதவள். சுக்கை அளவு பார்த்தா போட்டிருப்பாள்? ஒரு வாய் குடித்ததுமே பிரசாத்துக்குக் கண்ணில் நீர் தாரை தாரையாக வந்தது. பக்தி என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "அம்மா, நீங்க பேசறத நான் போன்ல பதிவு பண்ணலாமா? ஒரு குழுவுல காட்டணும். உங்க சம்மதம் இல்லாம பண்ணக் கூடாது, அதுதான் முறை. இந்த ஒப்புதல் படிவத்தப் படிச்சிக் காட்டறேன்." நின்று நிதானமாக, கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போகப் போக, இல்லாத சரோஜாவின் உரிமைகளை ஒன்று விடாமல் படித்துக் காட்டினார். விருப்பமில்லாத கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டியதில்லையாம். அவள் அடையாளம் பத்திரமாகப் பாதுகாக்கப்படுமாம். ஆதிலட்சுமி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, 'சரோஜா' என்று கீழே கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். முருகையன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ சொல்லுங்கம்மா. இங்க கட வெச்சிருக்கறவங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்கய்யா. அடியாருங்க கால்ல ஒட்டன மண்ணுதான் எனக்குத் திருநீறு" என்று மனப்பாடம் வழுவாமல் வந்தது. பிரசாத் உருகிப்போய் நின்றார். ஆதிலட்சுமி அந்த முகத்தைப் பார்த்தாள். மகாராணி வேஷத்துக்கப்புறம் இப்படி ஒரு கைதட்டு அவளுக்குக் கிடைத்ததில்லை. அதோடு நிறுத்துவாளா? "நெழலு வேணாம். தண்ணி வேணாம். கொட்டாய் வேணாம்."

"கழிப்பறை? சில பேரு அதக் கேட்டிருக்காங்கன்னு ஆய்வேட்டுல ஒரு பத்தி இருந்துச்சு."

"அட போங்கய்யா! சாமி நெனப்பா நின்னா அந்த நெனப்பே வராதுங்க!"

பிரசாத் கண்ணை மூடித் திறந்தார். "கேட்டீங்களா முருகையன் சார்? இந்தப் பாதைக்கு என்னென்ன வசதி பண்ணலாம்னு ஆலோசன சொல்ற குழுவுல நானும் இருக்கேன். அடுத்த வாரம் கூட்டம். கடைக்காரப் பெண்களுக்குன்னு இந்தப் பக்கம் தனியாக் கழிப்பறை கட்டணும்னு ஒரு யோசனை இருக்கு. இந்தப் பதிவ நான் அங்க போட்டுக் காட்டப் போறேன். அவங்களே வேணாங்கறாங்களே! நாம எதுக்கு இந்தப் புண்ணிய பூமியில அத வெச்சி அசிங்கப்படுத்தணும்?"

மதிவதனிக்கு வேலை, பட்டம், வாசல் பலகை எல்லாம் ஒரு கணம் எங்கேயோ போய்விட்டன. அவள் கையைப் பிடித்துக்கொண்ட கைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அதோடு அவளுக்கே அடிவயிறு வெடித்துவிடும் போல் இருந்தது. பொய் சொல்ல உடம்பில் இடமில்லை.

"சார், இவங்க சரோஜா இல்ல. எங்க மாமியார்."

பிரசாத் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்.

"எங்க மாமியார் சார். வேங்கிக்கால்ல இருக்கறவங்க. இவங்க கடையே வெச்சதில்ல. சரோஜான்னு யாருமே கெடையாது. நான் போன்ல ஏஐகிட்ட எழுதி வாங்கினேன்."

"ஐயய்யோ, இந்தப் பொண்ணு சொல்றத நம்பாதீங்கய்யா!" என்று ஆதிலட்சுமி குறுக்கே பாய்ந்தாள். "நான்தான் சரோஜா! கையெழுத்துப் போட்டிருக்கேன் பாருங்க! இவ யாருன்னே எனக்குத் தெரியாது!"

"அத்த, போதும் அத்த."

"யாருக்கு யாருடி அத்த?"

"காலையிலேந்து வெயில்ல அலைச்சல் சார், அந்தப் பொண்ணு சரியா சாப்பிடல..." என்று முருகையன் இழுத்தார். மதிவதனி போனைத் திறந்து பிரசாத் கையில் கொடுத்தாள். 'நிச்சயமாக! இதயத்தைத் தொடும் ஒரு நேர்காணல் இதோ!' பிரசாத் படித்தார். திருநீறு வந்தது, களைப்பு வந்தது, குறையுமில்லை வந்தது. அவரைக் கண்கலங்க வைத்த வரி ஒவ்வொன்றும் வரிசையாக வந்தது. மருமகனைத் தவிர.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஏமாந்த கோபத்தைவிட, அழுத அவமானம் அதில் ஜாஸ்தியாக இருந்தது. ஆதிலட்சுமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காப்பிக்குக் காசு வேணாங்க" என்று மெல்லச் சொன்னாள்.

"நாளைக்கு வைவா கெடையாது" என்றார் பிரசாத். முருகையன் வண்டியைப் பிடித்துக்கொண்டார். மதிவதனி தலையை ஆட்டினாள். இதை அவள் எதிர்பார்த்ததுதான். அடுத்ததைத்தான் எதிர்பார்க்கவில்லை.

"பாக்கி இருபத்தொம்பது பேரு?"

"அவங்க எல்லாரும் நெஜம் சார். சத்தியமா நெஜம்."

"நான் எப்படிம்மா நம்பறது?"

"குரல் பதிவு இருக்கு சார்."

"குரலக்கூட இப்போ அதுவே பண்ணித் தருதாமே."

"போட்டோ இருக்கு சார்."

"போட்டோவுந்தான்."

மதிவதனிக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அத்தனை பௌர்ணமி அலைந்தது, பக்கெட்டில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தது, டம்ளர் கழுவியது, எல்லாவற்றையும் ஒரு சரோஜா வந்து விழுங்கிவிட்டாள். "வாங்க சார், நேர்லயே பாத்துடுங்க" என்று விறுவிறுவென்று நடந்தாள். பிரசாத் பின்னால் போனார். முருகையன் தயங்கித் தயங்கி அவர்களுக்குப் பின்னால் போனார்.

பொரி விற்கிற பெண்ணிடம் போய், "அக்கா, என்னத் தெரியுதா?" என்றாள். அவளைச் சுற்றிப் பத்துக் கைகள் நீண்டிருந்தன. "யாரும்மா நீ? பொரி வேணுமா வேணாமா? வேணாம்னா நவுந்து நில்லு, யாவாரத்தக் கெடுக்காத" என்றாள் அவள். பிரசாத் மதிவதனியைப் பார்த்தார்.

அடுத்த கடையில் இளநீர் சீவிக்கொண்டிருந்தவள், அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உன்ன எனக்குத் தெரியாது. வளைச்சி வளைச்சிப் போட்டோ புடிச்சிக்கினு போனியே, ஒண்ணு குடுத்தியா? அன்னைக்கே தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டேன்." மதிவதனிக்கு உயிர் வந்தது. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்தப் பாதையில் அன்றைக்கு வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

அதற்கடுத்து, சுண்டல் அண்டாவுக்குப் பின்னால் மணியம்மாள் நின்றிருந்தாள். கட்டை குட்டையான ஆள். சத்தம் மட்டும் நாலு ஆள் சத்தம். "ஏ மதி! வா வா!" என்று தூரத்திலேயே கூப்பிட்டாள். கை பாட்டுக்குப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தது. "எங்கடி ஆளையே காணும்? எங்க கக்கூசு சமாச்சாரத்த எழுதிக்கினு போனியே, என்னாடி ஆச்சு?"

மதிவதனி பிரசாத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நம்பிவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'ஆவும்க்கா, சீக்கிரம் ஆவும்' என்று சொல்லிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அன்றைக்கு அவளால் முடியவில்லை.

"நீங்க சொன்னத ஒரு ஓரமா எழுதினேன்க்கா. சரோஜான்னு ஒருத்தி சொன்னததான் பெருசா எழுதினேன். கக்கூசெல்லாம் வேணாம், எங்களுக்கு ஒரு கொறையுமில்லன்னு அவ சொன்னா."

மணியம்மாளின் கை நின்றது. எதிரில் காசை நீட்டிக்கொண்டிருந்தவனை ஒதுங்கச் சொல்லிவிட்டு அண்டாவைச் சுற்றி வெளியே வந்தாள்.

"எவ அவ? நான் இங்கயே பொறந்து இங்கயே வாக்கப்பட்டவ, எனக்குத் தெரியாம எவடி அவ சரோஜா? எங்க கட போட்டிருக்கா? இட்டுக்கினு வா அவள, நான் கேக்கறேன்!" பக்கத்தில் வேட்டியும் திருநீறுமாக நின்ற பெரிய மனிதரிடம் திரும்பினாள். கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், பாத்தா படிச்சவராட்டம் இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. மத்தியானத்துலேந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்காம உசிரக் கையில புடிச்சிக்கினு நிக்கறோம். அவளும் பொம்பளதான? அவ மட்டும் எங்க சார் போறாளாம்?"